காற்றடித்துக் கேட்பதை விட்டோம், ஸ்லைடு வாசிப்பதை விடவில்லை

மூக்கு வழியாக வயிற்றுக்குள் உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் போட்டாயிற்று. அது வயிற்றுக்குள்தான் போயிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நான் செவிலிய மாணவியாக இருந்தபோது எங்களுக்குச் சொல்லப்பட்ட பதில் ஒன்றுதான். சிரிஞ்சில் காற்றை நிரப்பிக் குழாய்க்குள் சட்டென்று செலுத்த வேண்டும். மேல்வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 'குபுக்' என்று சத்தம் வந்தால் குழாய் சரியான இடத்தில் இருக்கிறது, உணவு கொடுக்கலாம். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இந்த வரிகளை ஒப்பிக்காமல் எங்கள் வகுப்பில் யாரும் வெளியே வந்ததில்லை.

குழாய் தவறிப்போய் நுரையீரலில் இருந்தாலும் கிட்டத்தட்ட அதே சத்தம் கேட்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. காற்று எங்கே வெளியேறுகிறது என்பதை ஸ்டெதாஸ்கோப் பிரித்துச் சொல்லாது. பிரிட்டனின் தேசிய நோயாளிப் பாதுகாப்பு முகமை 2005இல் இந்த முறையை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தது. குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.எச்., அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரவம் வரவில்லை என்றாலோ, சந்தேகம் இருந்தாலோ எக்ஸ்ரே. 'இத்தனை வருஷமா இப்படித்தானே பார்த்தோம்' என்று முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் எங்கள் பாடக்குறிப்பும் செய்முறைத் தேர்வின் மதிப்பெண் பட்டியலும் மாறின.

சரி, இந்தப் புதிய முறையை நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேன்? விளக்கை அணைத்துவிட்டு, ஐம்பது ஸ்லைடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். முடிவில் 'டவுட் இருக்கா?' என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். 'ஏன் இப்படி நடத்துகிறீர்கள்?' என்று அன்று யாராவது கேட்டிருந்தால், 'எங்களுக்கும் இப்படித்தான் நடத்தினார்கள்' என்றுதான் சொல்லியிருப்பேன். வார்டில் ஒரு மாணவி இதே பதிலைச் சொன்னால் நாம் விடுவோமா? 'ஏன் புண்ணை இப்படிச் சுத்தம் செய்கிறாய்?' என்று கேட்டு, 'சீனியர் அக்கா இப்படித்தான் செய்வாங்க' என்று அவள் சொன்னால் அன்றைக்கு முழுக்க அவளுக்குப் பாட்டுதான்.

எதைக் கற்பிக்கிறோம் என்பதற்குச் சான்று கேட்கும் நாம், எப்படிக் கற்பிக்கிறோம் என்பதற்கு அதைக் கேட்பதில்லை. அதையும் கேட்டுப் பார்ப்பதற்குப் பெயர்தான் சான்று சார்ந்த கற்பித்தல்.

பெயர் பெரிது, உள்ளே இருப்பது பழகியதுதான்

சான்று சார்ந்த மருத்துவம் என்றால் என்ன என்று 1996இல் டேவிட் சாக்கெட்டும் சக மருத்துவர்களும் ஒரு விளக்கம் எழுதினார்கள். கிடைப்பதிலேயே நல்ல ஆய்வுச் சான்று, சிகிச்சை தருபவரின் சொந்த அனுபவம், நோயாளியின் நிலையும் விருப்பமும் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்து முடிவெடுப்பது என்பதே அதன் சாரம். செவிலியப் பணியில் இதை நாம் ஏற்கெனவே பாடமாக நடத்துகிறோம். நோயாளி இருக்கும் இடத்தில் மாணவரை வையுங்கள். எந்த முறையில் நடத்தினால் மாணவர்கள் உண்மையில் கற்கிறார்கள் என்று ஆய்வுகள் என்ன சொல்கின்றன, பதினைந்து வருடம் வகுப்பெடுத்த எனக்கு என்ன தெரியும், என் முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்த அறுபது பேர் யார், எங்கே தடுமாறுகிறார்கள்? மூன்றையும் வைத்துக்கொண்டு பாடத்தைத் திட்டமிடுவது. மருத்துவக் கல்வியில் இதற்கென்றே 1999இல் ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு தொடங்கி, கற்பித்தல் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு வெளியிட்டு வருகிறது.

இரண்டு தப்பெண்ணங்களை முதலிலேயே அகற்றிவிடலாம். ஒன்று, இது தொழில்நுட்பம் அல்ல. டேப்லெட்டும் ஸ்மார்ட் போர்டும் வாங்கினால் சான்று வந்து ஒட்டிக்கொள்ளாது. இன்னொன்று, இது விரிவுரைக்கு எதிரான போர் அல்ல. புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்த இருபது நிமிட நல்ல விரிவுரை இன்னும் வசதியான வழிதான். ஒரு மணி நேரமும் அதையே செய்வதுதான் சிக்கல்.

நினைவிலிருந்து எடுக்க வைப்பது

எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால் இங்கேதான் என்பேன். செலவே இல்லாதது, சான்று வலுவானது.

1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து எழுதிவைத்தார். மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பது அதில் தெரிந்தது. நம் வகுப்பில் திங்கட்கிழமை தலையாட்டியவர்கள் புதன்கிழமை விழிப்பது ஏன் என்பதற்கு அவர் அப்போதே கணக்கெடுத்துவிட்டார்.

மறதியை எப்படித் தடுப்பது என்பதற்கு 2006இல் வந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு முறை உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று முறையும் பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுதான் முன்னே: 83 சதவீதம், எதிரே 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இத்தனைக்கும் முதல் குழு அந்தப் பத்தியைச் சராசரியாகப் பதினான்கு முறை படித்திருந்தது, இரண்டாவது குழு மூன்று நான்கு முறைதான். தங்களுக்கு ஒரு வாரம் கழித்தும் நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்களும் திரும்பத் திரும்பப் படித்தவர்களே.

தேர்வு என்பது படித்ததை அளக்கும் கருவி என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நினைவிலிருந்து ஒன்றை இழுத்து வெளியே எடுக்கும் முயற்சியே அதை மனத்தில் ஆழமாகப் பதிக்கிறது என்பதுதான் இந்தச் சோதனையும் இதைத் தொடர்ந்து வந்தவையும் சொல்வது. இடைவெளி விட்டு எடுத்தால் இன்னும் நல்லது. கொஞ்சம் மறந்தபின் சிரமப்பட்டு நினைவுகூர்வதில்தான் பலன் இருக்கிறது.

வகுப்பில் இது எப்படி இருக்கும்? டிரிப் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு ஓட வேண்டும் என்ற சொட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 500 மில்லி திரவம், 4 மணி நேரத்தில் போக வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. சூத்திரத்தைப் போர்டில் எழுதி இதே மாதிரி ஆறு கணக்கு கொடுத்தால் ஆறையும் சரியாகப் போட்டுவிடுவார்கள். எல்லாருக்கும் திருப்தி. மூன்று வாரம் கழித்து வார்டில் டிரிப் பாட்டிலைக் கையில் கொடுத்துக் கேட்டால் மேலே பார்ப்பார்கள், கீழே பார்ப்பார்கள்.

அதற்குப் பதிலாக, ஆறு கணக்கில் இரண்டை மட்டும் அன்றைக்கு வையுங்கள். மீதி நான்கை அடுத்த நான்கு வாரங்களுக்குப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஒரு துண்டுத் தாள், ஒரு கணக்கு, மூன்று நிமிடம். மதிப்பெண் கிடையாது. அப்புறம் வகைகளைக் கலந்துவிடுங்கள்: ஒரு வாரம் சொட்டுக் கணக்கு, ஒரு வாரம் ஊசி மருந்தின் அளவு, ஒரு வாரம் மைக்ரோ டிரிப். இது எந்த வகைக் கணக்கு என்று கண்டுபிடிப்பதுதானே வார்டில் முதல் வேலை? ஒரே வகையை வரிசையாகப் போடும்போது அந்த வேலை மாணவரிடமிருந்து பறிபோய்விடுகிறது. சிறு சொட்டாக விழும் மைக்ரோ டிரிப்பில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு, ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதால், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. இதை நான் சொல்லித்தராமல் விட்ட ஒரு வருடம், நான்காவது வாரத்தில் பின்வரிசையில் ஒரு பெண் தானாகவே கண்டுபிடித்துவிட்டு, 'மேடம், அறுபதும் அறுபதும் அடிபட்டுப் போகுது!' என்று கத்தினாள். அந்த வகுப்பில் அதை மறந்தவர்கள் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வாயைத் திறக்க வைப்பது

2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆசிரியர் மட்டும் பேசும் வகுப்புகளில் ஏறக்குறைய 34 சதவீத மாணவர்கள் தோற்றார்கள். மாணவர்கள் விவாதித்தும் கணக்குப் போட்டும் கேள்விக்குப் பதில் தேடியும் கற்ற வகுப்புகளில் 22 சதவீதம். இவை செவிலியப் பாடங்கள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் உடலியங்கியலையும் மருந்தியலையும் கற்கும் மூளை வேறு மூளை அல்ல என்பதால், எனக்கு இது போதுமான காரணம்.

அதிகம் தேவையில்லை, ஒரு நல்ல கேள்வி போதும். அறுவைசிகிச்சை முடிந்து நான்கு மணி நேரம் ஆன ஒரு நோயாளி. நாடித்துடிப்பு 116, இரத்த அழுத்தம் 110/84, கடைசி ஒரு மணி நேரத்தில் சிறுநீர் 20 மில்லி. படுக்கையில் புரண்டுகொண்டே இருக்கிறார், தாகமாக இருக்கிறது என்கிறார். கட்டு நனையவில்லை. இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? நான்கு விடைகள்: வலி மருந்து கொடுப்பது, வாயை நனைத்துச் சமாதானப்படுத்துவது, அரை மணி கழித்து மறுபடி அழுத்தம் பார்ப்பது, உடனே மருத்துவரை அழைப்பது.

முதலில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைத் தாளில் எழுத வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் எல்லாம் போச்சு. எழுதாவிட்டால் வகுப்பின் கெட்டிக்காரப் பெண் என்ன சொல்கிறாளோ அதுதான் எல்லாருடைய விடையும். எழுதியபின் கை தூக்கச் சொல்லுங்கள். கணிசமானவர்கள் மூன்றாவதற்குத் தூக்குவார்கள், 'அழுத்தம் நார்மலாத்தானே இருக்கு' என்பதால். இப்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு, வேறு விடை சொன்ன பக்கத்து இருக்கைக்காரரிடம் ஏன் என்று இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லுங்கள். மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள். பலர் மாறியிருப்பார்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1990களில் பரப்பிய முறை இது.

அதன்பிறகு நீங்கள் பேசும்போது வகுப்பு கேட்கும் விதமே வேறு. இரத்தம் உள்ளே கசியும்போது உடல் இதயத்தை வேகப்படுத்தியும் இரத்தக் குழாய்களை இறுக்கியும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. மேல் எண் விழுவது கடைசியில்தான். அதற்கு முன்பே நாடி ஏறும், இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகும், சிறுநீர் குறையும், நோயாளி அமைதியிழப்பார். கட்டு உலர்ந்திருப்பது உள்ளே இரத்தம் போகவில்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல. தவறான விடையைத் தாளில் எழுதித் தன் பெயரையும் போட்டுவிட்ட மாணவிக்கு இந்த விளக்கம் ஏன் தேவை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பொம்மை நோயாளியை வைத்து நடத்தும் சிமுலேஷன் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய அவை பத்துக் கல்வி நிலையங்களில் நடத்திய பெரிய ஆய்வு 2014இல் வெளியானது. மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை சிமுலேஷனுக்கு மாற்றியும், படிப்பு முடிவில் அறிவிலோ திறனிலோ உரிமத் தேர்வின் தேர்ச்சியிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதைக் காட்டித்தான் பல இடங்களில் விலையுயர்ந்த பொம்மை வாங்குகிறார்கள். அந்த ஆய்வில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் முறையாக உட்கார்ந்து 'என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தாய்' என்று அலசினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த அலசல் இல்லாத சிமுலேஷன் வெறும் நாடகம். உறை பிரிக்காமல் பூட்டிய அறையில் படுத்திருக்கும் பொம்மையை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த ஆய்வும் துணை வராது.

சான்று போல வேடம் போடுபவை

ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் ஒரு முக்கோணப் படம் தவறாமல் வரும். படித்தால் 10 சதவீதம் நினைவிருக்கும், கேட்டால் 20, பார்த்தால் 30, செய்தால் 90 என்று. இவ்வளவு அழகாகப் பத்துப் பத்தாக ஏறும் எண்கள் எந்த ஆய்விலாவது வருமா என்று யோசித்தாலே போதும். எட்கர் டேல் 1946இல் கற்பிக்கும் சாதனங்களைப் பற்றி ஒரு கூம்பு வரைந்தார். அதில் சதவீதமே இல்லை. யாரோ பிற்பாடு எண்களைச் சொருகிவிட்டார்கள், அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, 'இவள் பார்த்துக் கற்பவள், இவன் கேட்டுக் கற்பவன்' என்று பிரிப்பது. மாணவருக்கு விருப்பம் இருக்கலாம், அது வேறு. அவரவர் பாணிக்கு ஏற்ப நடத்தினால் அதிகம் கற்பார்கள் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று 2008இல் பாஷ்லரும் மற்ற மூவரும் ஆய்வுகளைத் துருவிப் பார்த்து எழுதினார்கள். இதயத்தின் ஒலிகளை எல்லாரும் கேட்டுத்தான் கற்க வேண்டும், அழுத்தப்புண்ணின் நிலைகளை எல்லாரும் பார்த்துத்தான் கற்க வேண்டும். எந்தப் புலனுக்கு வேலை என்பதை முடிவுசெய்வது பாடம்.

மூன்றாவது வேடதாரி நம் துறைக்குள்ளேயே இருக்கிறது: பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, முடிந்தவுடன் அதே தேர்வு, மதிப்பெண் கூடியிருக்கிறது, ஆகவே இந்த முறை பயனுள்ளது. எதைச் சொல்லிக்கொடுத்தாலும் அன்று மாலை மதிப்பெண் கூடத்தான் செய்யும், கூடாவிட்டால்தான் செய்தி. ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா, சில வாரம் கழித்து மறுபடி பார்த்தார்களா? ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்ததும் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள். பாதி கட்டுரைகள் கீழே போய்விடும்.

தேடுவது கடினமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட்டும், கல்விக்கென்றே உள்ள எரிக் தளமும் இலவசம். செவிலிய ஆய்வுகளுக்கான சினாலுக்கு நூலகச் சந்தா வேண்டும். தனி ஆய்வுகளில் மூழ்காமல், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகளிலிருந்து தொடங்குங்கள். கேள்வி மட்டும் கூர்மையாக இருக்க வேண்டும். 'மாணவர்களை எப்படி நன்றாகப் படிக்க வைப்பது' என்று தேடினால் கடலில் விழுவீர்கள். 'இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு சிறு வினா வைத்தால், வைக்காத வகுப்பைவிட ஒரு மாதம் கழித்து மருந்துக் கணக்கில் தவறு குறையுமா' என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

பிடித்திருந்தது என்றால் கற்றார்கள் என்று அர்த்தமா

நாம் வகுப்பை மதிப்பிடும் விதம் பெரும்பாலும் ஒரு கருத்துப் படிவம். ஐந்து நட்சத்திரம் வந்தால் நல்ல வகுப்பு. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே பயிற்சியை நான்கு படிகளில் பார்க்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் விளைவு ஏதும் உண்டா. நாம் முதல் படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம்.

அந்த முதல் படி ஏமாற்றவும் செய்யும். 2019இல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்பில் ஒரே பாடத்தைச் சிலருக்குச் சரளமான விரிவுரையாகவும், சிலருக்குத் தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போடும் வகுப்பாகவும் நடத்தினார்கள். முட்டி மோதியவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் 'நிறையக் கற்றுக்கொண்டேன்' என்ற உணர்வு விரிவுரை கேட்டவர்களுக்குத்தான் அதிகம். கேட்கச் சுகமாக இருந்தது, ஆகவே புரிந்தது என்று தோன்றியது. உங்கள் வகுப்பை நீங்கள் மாற்றும் முதல் மாதம் மாணவர்கள் சிணுங்குவது இதனால்தான். 'மேடம் நடத்தவே இல்லை, எங்களையே படிக்கச் சொல்கிறார்' என்று புகார் முதல்வர் அறை வரை போகும். இந்த ஆய்வையே முதல் நாள் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். கடினமாக இருப்பது ஏன் என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள். முதல்வருக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஆசிரியர்களை எப்படி இழுப்பது

இதுவரை சொன்னது தெரியாததால் ஆசிரியர்கள் மாறவில்லை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் பட்டறை வைப்பார்கள். 'விரிவுரை பயனற்றது' என்று ஆறு மணி நேரம் விரிவுரை நடக்கும். மதிய உணவு, சான்றிதழ், குழுப் படம். மறுநாள் எல்லாரும் பழைய ஸ்லைடுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் போன அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் பின்வரிசை முழுக்கத் தூங்கியது. நானும் அதில் ஒருத்தி.

உண்மையான தடைகள் வேறு. 'போர்ஷன் முடிக்கணும்' என்பது முதல் தடை, அது சாக்கு அல்ல. பாடத்திட்டம் வீங்கிக் கிடக்கிறது. வகுப்பு பெரிது. ஒரே ஆள் வகுப்பும் எடுத்து, வார்டு மேற்பார்வையும் பார்த்து, பதிவேடும் எழுத வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகத் தேர்வு மனப்பாடத்துக்கே மதிப்பெண் தந்தால் மாணவர் எதற்கு யோசிப்பார்? இதற்கெல்லாம் மேலே, யாரும் வெளியே சொல்லாத ஒரு பயம் உண்டு. மாணவர்களைப் பேச விட்டால் எனக்குத் தெரியாத கேள்வி வந்துவிடுமோ என்பது. ஸ்லைடு ஒரு கேடயம். நானும் அதற்குப் பின்னால் வருடக்கணக்கில் நின்றிருக்கிறேன்.

புதியவை எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ் 1962இல் எழுதியது இங்கே உதவும். ஒரு புது முறையைச் சின்னதாகச் செய்து பார்க்க முடிய வேண்டும், அதன் பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஏற்கெனவே செய்வதோடு அது ஒத்துப்போக வேண்டும், சிக்கலாக இருக்கக்கூடாது, பழையதைவிட மேல் என்று தோன்ற வேண்டும். 'பாடத்திட்டம் முழுவதையும் மாற்றுங்கள்' என்பது இதில் ஒன்றிலும் தேறாது. 'அடுத்த வகுப்பை ஒரு துண்டுத் தாளோடு தொடங்குங்கள்' என்பது ஐந்திலும் தேறிவிடும்.

எங்கள் துறையில் நடந்ததைச் சொல்கிறேன். இருபத்தைந்து வருட அனுபவமுள்ள ஒரு மூத்த ஆசிரியை இருந்தார். புதுசு எதைச் சொன்னாலும் 'பார்க்கலாம்மா' என்பார், அவ்வளவுதான். அவரிடம் நான் ஆய்வுக் கட்டுரை எதையும் கொடுக்கவில்லை. 'மேடம், நான் ஒரு கேள்வி முறையைச் செய்து பார்க்கிறேன், கேள்வி சரியாக இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்' என்று என் வகுப்புக்கு அழைத்தேன். அறுவைசிகிச்சை நோயாளிக் கேள்வியைப் பார்த்ததும், 'கட்டு நனையவில்லை என்று போடு, அங்கேதான் எல்லாரும் விழுவார்கள்' என்றார். மேலே நீங்கள் படித்த அந்த வரி அவருடையது. வார்டில் அவர் பார்த்த ஒரு நோயாளியிலிருந்து வந்தது. சான்று, அனுபவம், மாணவர் என்று மூன்று சொன்னேனே, அதில் நடுவே இருப்பது இதுதான். அனுபவமுள்ளவர்களை மாற வேண்டியவர்களாக நடத்தினால் கதவு மூடும். கேள்வி தயாரிக்கக் கூப்பிட்டால் அவர்களைவிட நல்ல கேள்வி யாராலும் தர முடியாது.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு என் கோரிக்கை நேரம்தான். மாதம் ஒரு மணி நேரம், ஒரு கட்டுரை, நாலைந்து ஆசிரியர்கள், தேநீர். அதை 'ஜர்னல் கிளப்' என்று எழுதிப் பணிநேரமாகக் கணக்கில் சேருங்கள். ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்காரட்டும், மதிப்பெண் போட அல்ல. புதிதாக ஒன்றைச் செய்து அது சொதப்பினால், அந்த ஒரு பருவத்தின் கருத்துப் படிவத்தை வைத்து அந்த ஆசிரியரின் கழுத்தைப் பிடிக்காதீர்கள். தேர்வுத் தாளில் பத்துக்கு இரண்டு கேள்வியாவது நோயாளிச் சூழலை வைத்து யோசிக்கச் சொல்லட்டும். வகுப்பு தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

என் துண்டுத் தாள் சோதனையின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வு என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. முந்தைய வருட வகுப்புக்கும் இந்த வருட வகுப்புக்கும் ஒரே வினாத்தாள், பாடம் முடிந்து ஆறு வாரம் கழித்து. மாணவர்கள் வேறு, வருடம் வேறு, ஆகவே இதை யாரும் நம்பிக் கட்டுரை எழுத வேண்டாம். எழுதுவதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் மாணவர் ஒப்புதலும் வாங்கி ஒழுங்காகச் செய்ய வேண்டும். எனக்கு நானே தெரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது. சொட்டுக் கணக்கில் தவறு நன்றாகக் குறைந்திருந்தது. ஊசி மருந்தின் அளவிலும் பரவாயில்லை. மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றும் இடத்தில் மட்டும் அசையவே இல்லை. இதய மருந்தான டிகாக்சின் 0.25 மில்லிகிராம் எத்தனை மைக்ரோகிராம் என்றால், 250 என்று எழுத வேண்டிய இடத்தில் இந்த வருடமும் 25, 2500 என்று வந்தது. தாள்களைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். தவறு செய்த பலர் சூத்திரத்தைச் சரியாக எழுதியிருக்கிறார்கள், புள்ளியை நகர்த்தும்போது இடத்தை எண்ணவில்லை. இது மறதி இல்லை, ஆகவே துண்டுத் தாள் இதற்கு மருந்தும் இல்லை. மூத்த ஆசிரியையிடம் தாள்களைக் கொடுத்திருக்கிறேன். 'பார்க்கலாம்மா' என்றார், இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு.